மண்ணூர்ப் பொண்ணுங்க கெட்டி

அவர் யாரிடமும் முதலில் பெயர் கேட்டதில்லை. "எந்த ஊரும்மா நீ?" என்பதுதான் முதல் கேள்வி. ஊரைச் சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு விநாடி யோசிப்பார். பிறகு, "ம்" என்பார். அந்த "ம்" நீளமாக வந்தால் நமக்கு வேலை உண்டு. வெடுக்கென்று வந்தால் இல்லை. மூன்று வருஷம் படித்த படிப்பு, வாங்கிய மார்க், எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரகடம் பக்கம் இருந்த எங்கள் பாலிடெக்னிக்கில் அவர் பிளேஸ்மென்ட் மேடம். கம்பெனிகளைக் கல்லூரிக்கு வரவழைத்து, கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தருவது அவருடைய பொறுப்பு. பன்னிரண்டு பேரை உட்கார வையுங்கள் என்று கம்பெனி எண்ணிக்கையை மட்டும் சொல்லும். எந்தப் பன்னிரண்டு என்பது மேடம் கையில். பெயர் வேண்டாம், மேடம் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். அவரைப் பற்றி நினைத்தாலே எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. நல்லவர் என்று எழுத ஆரம்பித்தால் கோபம் வருகிறது, கோபமாக எழுத ஆரம்பித்தால் அவருடைய அலமாரி நினைவுக்கு வருகிறது.

அந்த அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்று ஜோடி கறுப்பு ஷூ இருக்கும். ஏழு, எட்டு, ஒன்பது. ஷூ இல்லாத பையன் இன்டர்வியூவுக்குச் செருப்போடு வந்து நின்றால், திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். முடிச்சு போட்டே வைத்திருக்கும் டை நான்கு. ஒரு டப்பா நிறைய ஊக்கு. பெண்களுக்குத் துப்பட்டா குத்திவிடும்போது அவர் வாயில் ரெண்டு ஊக்கு இருக்கும். அதோடேயே பேசுவார். ஒரு நாளும் விழுங்கியதில்லை.

ஊர்க் கணக்கு அவருக்கு வாயிலேயே இருந்தது. செய்யாற்றுப் பையன்கள் தூங்குமூஞ்சிகள். எப்போதோ செய்யாற்றுப் பையன் ஒருத்தன் இன்டர்வியூ அன்றைக்குத் தூங்கிவிட்டான், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த ஊரிலிருந்து யார் வந்து சேர்ந்தாலும் காலை ஐந்து மணிக்கு மேடமே போன் பண்ணி எழுப்புவார். எங்கள் வகுப்பில் ஒருத்தன் பாவம், நாலு மணிக்கே எழுந்து படிக்கிறவன். ஐந்து மணிக்கு அவனுக்கும் போன் வரும். "நான் முழிச்சிகினு கீறேன் மேடம்" என்றால், "எல்லாரும் அப்டித்தான் சொல்லுவீங்க, எழுந்து நில்லுடா மொதல்ல" என்பாராம். திருநெல்வேலிப் பையன்கள் சோற்றுக்கு மயங்குகிறவர்கள். ஒருத்தன் கம்பெனி கேன்டீன் சாம்பார் பிடிக்காமல் ஊருக்கு ரயில் ஏறிவிட்டதுதான் ஆதாரம். பீகார்ப் பையன்களை அவருக்குப் பிடிக்கும். ஹாஸ்டலில் ஒரு பீகார்ப் பையன் அவருடைய ஸ்கூட்டியை மழையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்திருந்தான்.

எங்கள் மண்ணூருக்கும் ஒரு ஆள் உண்டு. எனக்கு ஐந்தாறு வருஷம் சீனியர் அக்கா ஒருத்தி. மழையில் ரோடு மூழ்கி பஸ் எல்லாம் நின்ற நாளில், முழங்கால் தண்ணீரில் நடந்து இன்டர்வியூவுக்கு வந்து சேர்ந்தாளாம். அவள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அன்றையிலிருந்து, "மண்ணூர்ப் பொண்ணுங்கன்னா கெட்டி" என்பது மேடம் வாக்கு. நான் ஊரைச் சொன்னபோது வந்த "ம்" அவ்வளவு நீளமாக இருந்தது. எனக்குச் சளி பிடித்தாலே மூன்று நாள் லீவு போடுகிற உடம்பு. அதை அவரிடம் யார் சொல்வது?

இதில் எனக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. என் பெயர் ரீட்டா. "கிறிஸ்டியன் பொண்ணுங்களுக்கு இங்கிலீஷ் தண்ணியா வரும்" என்பது அவருடைய இன்னொரு முடிவு. கான்வென்ட்டில் படித்த யாரோ ஒருத்தியால் வந்த வினை. எங்கள் வீட்டில் ஜெபம் தமிழ், பூசை தமிழ், சண்டை தமிழ். அப்பா வெல்டிங் கடையில் ஹெல்பர். இந்த லட்சணத்தில், ஒரு கம்பெனிப் பெரியவர் வந்த விழாவில் இங்கிலீஷில் நன்றியுரை சொல்ல மேடம் என்னை மேடை ஏற்றிவிட்டார். மேடையில் நின்று நாலு தடவை "தேங்க் யூ சார்" என்றேன். ஐந்தாவது தடவை சொல்ல ஆள் இல்லாமல் மைக்குக்கே சொல்லிவிட்டு இறங்கினேன். பசங்கள் விசிலடித்தார்கள். மேடம் அசரவில்லையே. பக்கத்தில் இருந்தவரிடம், "இங்கிலீஷ் சூப்பரா பேசுவா சார், காச்சல் இன்னிக்கி" என்றார். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் வரும், அவருடைய முடிவு மட்டும் மாறாது.

அவருடைய சொந்த ஊர் எது என்று எங்களுக்குத் தெரியாது. என் வகுப்புத் தோழி கலைதான் ஒரு முறை துணிந்து கேட்டாள். "நான் எந்த ஊரா இருந்தா உனக்கின்னா? போய் ரெஸ்யூம அடிச்சிகினு வா" என்று துரத்திவிட்டார்.

ஒரு நாள் அவர் சீறியதையும் சொல்ல வேண்டும். கம்பெனி ஆள் ஒருவர், தயாரிப்பு லைனில் நின்று வேலை பார்த்த ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள், இனிமேல் எங்களுக்குப் பையன்கள் மட்டும் போதும் என்றார். மேடம் எழுந்தே விட்டார். "ஒரு பொண்ணு வியுந்தா எல்லாப் பொண்ணுமா சார் வியுந்துடும்? அவ காலைல சாப்ட்டாளா இல்லியான்னு கேட்டீங்களா? இன்னா நாயம் சார் இது?" வராந்தாவில் நின்ற எங்களுக்கு மெய் சிலிர்த்தது. அந்த ஆள் ஆறு பெண்களை எடுத்துக்கொண்டுதான் போனார். இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்த மனுஷிக்கு, தான் செய்வது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயம்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் கம்பெனியிலிருந்து கல்லூரிக்குத்தான் போன் வரும். "உங்க பொண்ணு நாலு நாளா வரல மேடம்" என்பார்கள். உங்கள் பெண். அந்த வார்த்தை அவரை என்னவோ செய்யும். எங்களுக்கு முன்னால் உத்திரமேரூர்ப் பெண் ஒருத்தி, சேர்ந்த பத்தாவது நாள் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போனவள் திரும்பவில்லை. ஒரு வாரம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்ததாம். அந்தக் கம்பெனி இரண்டு வருஷம் எங்கள் கல்லூரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வருஷப் பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள், மேடத்தைப் பிரின்சிபால் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். அதற்கப்புறம் உத்திரமேரூர் என்றால் வெடுக்கென்று ஒரு "ம்".

கலையரசி உத்திரமேரூர்.

கலை எங்கள் வகுப்பில் முதல் மார்க். என் பக்கத்து பெஞ்ச், என் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவளுக்கு, அவள் ரெக்கார்டு நோட்டில் பாதி எனக்கு. வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறது என்று தெரிந்த அன்றைக்கு அவள் கேன்டீன் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னாள். "வேல கெடச்சா ரெண்டு வருஷம் பொறுக்கறேன்னு அப்பா சொல்லிகிறாருடி. இல்லன்னா அத்த பையன் ரெடியா கீறான். தை மாசம் முடிச்சிடுவாங்க." அவள் அழவில்லை. கையில் இருந்த சமோசாவை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நான் ஏதோ ஜெராக்ஸ் கொடுக்க மேடம் அறைக்குப் போயிருந்தேன். மேஜையில் பன்னிரண்டு பெயர் லிஸ்ட். முதல் பெயர் கலையரசி. மேடம் விரலால் ஊர்களைத் தடவிக்கொண்டே வந்தார். "உத்திரமேரூரா? இவ கல்யாணம்னு ஓடிருவா. மறுபடியும் அந்த மாதிரி ஒரு போன் வந்தா என்னால எடுக்க முடியாது" என்று ஒரு கோடு போட்டார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். "நீ மண்ணூருதான? உன் பேர் இல்லியே இதுல" என்று கோடு போட்ட பெயருக்கு மேலேயே என் பெயரை எழுதினார். மார்க்கில் நான் பதினான்காவது.

ஒரு வாக்கியம் போதும். மேடம், வேலை கிடைக்காவிட்டால்தான் அவளுக்குக் கல்யாணம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரை வந்தது, சத்தியமாக வந்தது. சொன்னால் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைத் திரும்ப எழுதுவாரே என்று தோன்றியது. "தேங்க்ஸ் மேடம்" என்றேன். ஜெராக்ஸை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நோட்டீஸ் போர்டில் லிஸ்டைப் பார்த்துவிட்டுக் கலை என்னிடம் வந்தாள். "என் பேரு ஏண்டி வரல?"

"தெர்லடி" என்றேன்.

அவள் மேடத்திடம் கேட்கப் போனாள். "அடுத்த கம்பெனில பாக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டார். அடுத்த கம்பெனி மாசி மாதம் வந்தது. கலைக்குத் தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குள் வேலையில் சேர்ந்திருந்த நான், அன்றைக்கு ஷிப்ட் என்று போகவில்லை. லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். பத்திரிகையை மேடம் தன் அறைப் பலகையில் குத்தி வைத்திருந்தார். சான்றிதழ் வாங்கப் போனபோது விரலை நீட்டிக் காட்டி, "நான் சொன்னேன் இல்ல?" என்றார். அதற்கும் நான் தலையாட்டினேன்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷம். அதே கம்பெனியில் லைனில் நின்று, பிறகு ட்ரெயினிங்குக்குப் போய், இப்போது ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். நான் கெட்டி என்று அவர் சொன்னது பலித்துவிட்டது என்று அவர் நம்புகிறார். சளி பிடித்தாலும் லீவு போடாமல் நான் ஓடியது யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற உறுத்தலால் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

போன மாதம் கேம்பஸ் இன்டர்வியூவில் ஆள் எடுக்க என்னை அதே பாலிடெக்னிக்குக்கு அனுப்பினார்கள். மேடம் இன்னும் அங்கேதான் இருந்தார். தலை நரைத்திருந்தது. அலமாரியில் ஷூ நான்கு ஜோடி ஆகியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பிள்ளைகளிடம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பிறகு லிஸ்டைக் கையில் கொடுத்து, "பன்னெண்டு பேர்ல ஒம்போது பேரு உங்கூருடி. மண்ணூர்ப் பொண்ணுங்க ஊரயே தூக்கிகினு வந்துட்டாங்க" என்றார். அவ்வளவு பெருமை அவருக்கு. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் வந்தவள் பவித்ரா. கூர்மையான பெண், கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில். பக்கத்தில் எங்கள் லைன் சூப்பர்வைசர் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். சும்மா ஊர்ப் பாசத்தில், "மண்ணூர்ல எந்தத் தெரு?" என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "பிள்ளையார் கோயில் தெருங்க மேடம்."

"அங்க யார் வீட்டுப் பக்கம்?"

துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். நான் சூப்பர்வைசரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"உத்திரமேரூர் பக்கம் க்கா" என்றாள். மேடமாக இருந்த நான் அக்கா ஆகிவிட்டேன். "சீனியருங்க சொல்லிக் குடுத்தாங்க. நெஜ ஊரு சொன்னா லிஸ்ட்ல வராது, மண்ணூர்னு எய்துன்னு. எல்லாருமே அப்டித்தான் க்கா எய்தினோம். ரெண்டு பேருதான் நெஜமாவே மண்ணூரு. மேடம் கைல சொல்லிடாதீங்க க்கா. இந்த வேல கெடைக்கலன்னா வூட்ல மாப்ள பாத்து வெச்சிகிறாங்க."

என்னால் அங்கேயே நிற்க முடியவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எங்கள் கம்பெனியில் இந்த வருஷம் முதல் புது விதி. ஃபார்மில் ஒரு ஊர், ஆதாரில் வேறு ஊர் என்றால் சேரும் நாளிலேயே கேட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் ஏழு பெண்களும் அப்படித்தான் திரும்புவார்கள். ஏற்கெனவே ஒரு தடவை பேசாமல் இருந்து பார்த்தாயிற்று.

மேடம் அறைக்குப் போனேன். "இன்னா ரீட்டா, எல்லாம் முத்து முத்தா கீறாங்களா?" என்றார்.

"இதுல ரெண்டு பேருதான் மேடம் மண்ணூரு. மத்த ஏழு பேரும் வேற வேற ஊரு. நீங்க லிஸ்ட்ல போட மாட்டீங்கன்னு பயந்துகினு அப்டி எழுதிகிறாங்க."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "பவித்ரா எந்த ஊரு?"

சொன்னேன்.

"பாத்தியா? அந்த ஊரப் பத்தி நான் சொன்னா யாரும் கேக்கல. பொய் சொல்லி உள்ள வருது பாரு. உன் ஃப்ரெண்டு ஒருத்தி, கலை, அவளும் அப்டித்தான். வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே கல்யாணம் பண்ணிகினு போய்ட்டா."

என்ன கோபம் வந்தது என்றால், மேஜையில் ஓங்கித் தட்டிவிட்டேன். "அவ வேல கெடைக்காததாலதான் மேடம் கல்யாணம் பண்ணிகினா. வேல கெடச்சா ரெண்டு வருஷம் பொறுக்கறேன்னு அவங்கப்பா சொல்லியிருந்தாரு. நீங்க கோடு போட்டதாலதான் தை மாசம் தாலி ஏறுச்சு. பத்திரிகைய குத்தி வெச்சி, நான் சொன்னேன் இல்லன்னீங்களே, நீங்க சொன்னதாலதான் மேடம் அது நடந்துச்சு."

அவர் பலகையைப் பார்த்தார். அங்கே இப்போது வேறு என்னென்னவோ காகிதங்கள். "நான் மார்க்கப் பாத்தேன் அப்ப. மொதல்ல அவ பேரத்தான் எழுதினேன்" என்று தனக்குள் பேசிக்கொள்வது போலச் சொன்னார். அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. திட்டுவதற்கு என்ன யோக்கியதை எனக்கு?

மேடம் எழுந்து, புது ஃபார்ம்களை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். ஒன்பது பெண்களும் சுவரோடு சுவராக நின்றார்கள். அடி விழும் என்றுதான் நினைத்திருப்பார்கள். "அவங்கவங்க ஊர எழுதுங்கம்மா. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். பவித்ரா எழுதிவிட்டுத் தயங்கித் தயங்கி நீட்டினாள். மேடம் அதைப் பார்க்காமலேயே மடித்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு எடுத்த எட்டுப் பேரில் அவளும் இருந்தாள். சூப்பர்வைசர் அவளுக்குத்தான் அதிக மார்க் போட்டிருந்தார்.

கிளம்பும்போது மேடம் கம்பெனிக் கார் வரை வந்தார். பெண்களுக்குத் துப்பட்டா குத்திவிட்ட ஊக்கு டப்பா இன்னும் கையிலேயே இருந்தது.

"கலை இப்ப எங்க கீறா?" என்றார்.

"தெரியாது மேடம்."

"போன் நம்பரு?"

"இருந்துச்சு. நான் பண்ணல."

"பன்னெண்டு வருஷமாவா?" என்றவர் என்னையே பார்த்தார். "அவங்கப்பா அப்டி சொன்னாருன்னு உனக்கு எப்பத் தெரியும் ரீட்டா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்ல வரவில்லை. "லிஸ்ட் போட்டதுக்கு மொத நாளே தெரியும் மேடம். நீங்க கோடு போட்டப்ப பக்கத்துலதான நின்னேன்."

"இந்த மண்ணூர்ப் பொண்ணுங்களே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வராந்தாவில் இன்னும் நின்றுகொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "ச்சே, அவங்கள ஏன் சொல்லணும். நீ பண்ணதும்மா இது" என்றார்.

ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு ஊர்கூட இல்லை.